பழைய நிரலைத் தொடத்தான் வேண்டும்

“ஓடுகிற நிரலில் கை வைக்காதே.” இரத்தினபுரியில் கணினி வகுப்பு நடத்துகிறவரும் இதைத்தான் சொல்கிறார், கொழும்பில் பல வருடம் மென்பொருள் வேலை பார்த்தவரும் இதைத்தான் சொல்கிறார். இருவர் தனித்தனியே திருத்திய கோப்புகளை ஒன்றாக்கும் பகுதி, அதாவது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் மேர்ஜ் பகுதி என்று வந்துவிட்டால் எச்சரிக்கை இன்னும் கூடும். அது பழசு, சிக்கலானது, ஆனால் வருடக்கணக்கில் அடிபட்டுத் தேறியது, சுத்தம் செய்கிறேன் என்று போனால் இருப்பதும் கெட்டுவிடும் என்பார்கள். அனுபவசாலிகள் சொல்வதால் இதை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை. நான் எதிர்க்கிறேன். பொதுவாக இது பாதி உண்மை. கோப்பு இணைக்கும் நிரலுக்கு இது முழுத் தவறு. வேறெந்த நிரலையும்விட இணைக்கும் நிரல்தான் தெளிவாக இருக்க வேண்டும். ஏனென்றால் அது விடும் பிழை சத்தம் போடாது.

ஏன் சத்தம் போடாது என்பதைத் தோட்டத்துக் கணக்கை வைத்தே சொல்லலாம். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டமானாலும் சரி, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமானாலும் சரி, செக்ரோல் தெரியாத வீடு லயத்தில் இல்லை. யாருக்குப் பேர் விழுந்தது, யாருக்கு அரைப்பேர் என்பதுதான் மாத முடிவில் சம்பளம். காலைப் பிரட்டில் எழுதிய ஆள் பட்டியலைக் கங்காணி ஒரு பிரதியும் கணக்கப்பிள்ளை ஒரு பிரதியுமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தியில் இரண்டு கொப்பிகளும் ஆபீசுக்கு வருகின்றன. கங்காணியின் கொப்பியில் இருக்கும் ஒரு பெயர் கணக்கப்பிள்ளையின் கொப்பியில் இல்லை. கங்காணி புதிதாகச் சேர்த்த பெயரா, கணக்கப்பிள்ளை வெட்டிய பெயரா? இரண்டு கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்காது. காலைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். அதில் பெயர் இருந்தால் கணக்கப்பிள்ளை வெட்டியிருக்கிறார், இல்லாவிட்டால் கங்காணி சேர்த்திருக்கிறார். ஒருவர் முழுப்பேரை அரைப்பேர் ஆக்கி மற்றவர் அப்படியே விட்டிருந்தால், மாற்றியவரின் எழுத்து நிற்கும். இருவரும் வேறுவேறாக மாற்றியிருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மும்முனை இணைப்பு என்பது இவ்வளவுதான். காலைப் பட்டியல் பொது மூலம், அந்திக் கொப்பிகள் இரண்டு கிளைகள், ஆளைக் கூப்பிடுவது முரண்.

முரண் வந்தால் நல்லது, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பயப்பட வேண்டியது முரணே காட்டாமல் தப்பாக முடிகிற இணைப்புக்கு. கொழுந்துப் பக்கத்தில் இருந்த ஒருத்தியை மத்தியானம் பால்வெட்டுப் பக்கத்துக்கு மாற்றி எழுதுகிறார் ஒருவர். அது தெரியாத மற்றவர் பழைய பக்கத்திலேயே அவளுக்கு அரைப்பேர் போடுகிறார். பக்கம் பக்கமாக மட்டும் ஒப்பிடுகிறவருக்கு ஒரு பக்கத்தில் பெயர் வெட்டியது போலவும் இன்னொரு பக்கத்தில் புதிதாக முளைத்தது போலவும் தெரியும். அவளுக்கு ஒன்றரைப் பேர் விழலாம், ஒன்றும் விழாமலும் போகலாம். கோப்பின் பெயர் மாறும்போது இணைக்கும் நிரலுக்கு வருகிற தொல்லை இதே தொல்லைதான். இன்னொன்றும் உண்டு. இரண்டு கிளைகளும் ஒன்றிடமிருந்து ஒன்று ஏற்கெனவே எடுத்திருந்தால் பொது மூலம் ஒன்றாக இராது, சம தகுதியில் இரண்டு இருக்கும். எந்த ஒன்றை எடுத்தாலும் மற்றது கணக்கில் வராமல் போகும்.

உலகத்தில் அதிகம் பேர் பாவிக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளான கிட் இந்த இரண்டையும் எப்படிக் கையாண்டது என்ற வரலாறு, “தொடாதே” கட்சிக்காரர்களுக்கு நேர் எதிரான சாட்சி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டைத் தொடங்கினார். அதே வருடம் ஃப்ரெட்ரிக் குய்வினென் பைத்தன் மொழியில் மேர்ஜ்-ரிகர்சிவ் என்ற இணைப்பு முறையை எழுதினார். பொது மூலம் இரண்டு இருந்தால் முதலில் அந்த இரண்டையும் இணைத்து ஒரு கற்பனை மூலத்தை உண்டாக்கி, அதை வைத்துக் கிளைகளை இணைப்பது அதன் வழி. அழகான யோசனை. 2006 ஜூன், ஜூலையில் அலெக்ஸ் ரீசனும் யொஹானஸ் ஷிண்டெலினும் அதைச் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதாவது, பின்னாளில் “தொடக் கூடாத பழைய சொத்து” என்று காட்டப்பட்ட நிரலே, பிறந்து ஒரு வருடம் ஆவதற்குள் முழுசாகத் திருப்பி எழுதப்பட்ட ஒன்று. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த பைத்தன் நிரலைத் தொடாதே என்று யாராவது தடுத்திருந்தால் இந்தச் சொத்தே இருந்திராது.

சி மொழிக்கு வந்த அந்த நிரல் பதினைந்து வருடம் கிட்டைத் தாங்கியது. அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் அதன் அடிப்படை ஒழுங்கில் ஒரு கோணல் இருந்தது. முதலில் அன்பேக்-ட்ரீஸ் என்ற பகுதி ஓடும். அதற்குக் கோப்பின் பெயர் மாற்றம் பற்றி ஒன்றும் தெரியாது. பெயருக்குப் பெயர் பொருத்திப் பார்த்து, கிட்டின் உள்பட்டியலையும் பயனரின் கோப்புறையையும் அதுவே மாற்றிவிடும். அதற்குப் பிறகுதான் எந்தக் கோப்பு எங்கே பெயர் மாறிப் போனது என்று தேடுவார்கள். தேடிக் கண்டதும், முன்பே எழுதிவிட்டதைச் சரிசெய்ய வேண்டும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் நிரல் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது: இந்தக் கோப்பை முந்திய படி ஏற்கெனவே எழுதிவிட்டதா? இது இணைப்புக்கு முன்னால் இருந்த கோப்பா? இதன்மேல் எழுதினால் பயனர் இன்னும் பதியாத வேலை அழியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிபந்தனை, அதற்கொரு விதிவிலக்கு. வருடத்துக்கு வருடம் கூடியது இந்த மண்டிதான். இதை அனுபவத்தின் சேமிப்பு என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொடக்கத்தில் வரிசை பிழைத்ததால் பின்னால் கட்டிக்கொண்டே போன வட்டி அது.

2018 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். லினஸ் லினக்ஸ் கேர்னலில் ஒரு இணைப்புச் செய்தார். எம்எம்.எச் என்ற தலைப்புக் கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் கிட் அதைத் திரும்ப எழுதியிருந்தது. எழுதியதால் கோப்பின் நேரக்குறி மாறியது. கேர்னலில் பெரும்பகுதி அந்தக் கோப்பைச் சார்ந்திருப்பதால் ஏறக்குறைய எல்லாமே மறுபடி தொகுக்கப்பட்டன. கிட் நிரலாளர் எலைஜா நியூரன் அப்போதுதான் கோப்புறையின் பெயர் மாற்றத்தையும் கண்டறியும் புதிய பகுதியைச் சேர்த்திருந்தார். அதே நாட்களில் அது முதன்மைக் கிளையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது, திருத்திய வடிவில் 2.18 பதிப்பில் மீண்டும் சேர்ந்தது.

“பார்த்தீர்களா, தொட்டதால் வந்த வினை” என்பார்கள். வினை எங்கே கிடந்தது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். திருத்தும்போது நியூரன் கண்டுபிடித்த வழுக்களில் ஒன்று 2011 முதல் அங்கே இருந்த வொஸ்-ட்ராக்ட் என்ற செயற்கூறில் இருந்தது. இணைப்புக்கு முன்னால் இந்தக் கோப்பு நம்மிடம் இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அதன் வேலை. அது பார்த்ததோ அன்பேக்-ட்ரீஸ் ஏற்கெனவே மாற்றிவிட்ட உள்பட்டியலை. ஆகவே பெயர் மாறிய சில கோப்புகள் விஷயத்தில் அது பொய் சொன்னது. திருத்தத்தின் தலைப்பிலேயே, இந்தச் செயற்கூறு பொய் சொல்வதை நிறுத்துகிறோம் என்ற பொருளில் எழுதினார் நியூரன். ஏழு வருடம் உலகம் முழுவதும் ஓடித் தேறியதாகச் சொல்லப்பட்ட நிரலின் நடுவில் ஏழு வருடமாக ஒரு பொய் குந்தியிருந்தது. யாரும் கவனிக்காதது யாருடைய அலட்சியமும் இல்லை. பார்த்தால் தெரிகிற மாதிரி அந்த நிரல் எழுதப்படவில்லை. நீண்ட காலம் ஓடியது என்பது நிரல் சரி என்பதற்குச் சான்றாகாது. பிழை தலைகாட்டும் சந்தர்ப்பம் அதிகம் வரவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

எதிர்க் கட்சியின் ஆகப் பலமான வாதம் நிரலாளர் ஜொயெல் ஸ்போல்ஸ்கி 2000 ஏப்ரலில் எழுதியது. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியைத் தொடக்கத்திலிருந்து திருப்பி எழுதப் போய், ஐந்தாம் பதிப்பே இல்லாமல் ஏறக்குறைய மூன்று வருடத்தை இழந்தது. பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் யாரோ பட்டுத் திருத்திய வழு, அதை வீசினால் அந்த அறிவையும் வீசுகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். கால் நூற்றாண்டாகத் திருப்பித் திருப்பிச் சொல்லப்படும் வாதம் இது. இதில் ஓர் உண்மை இருக்கிறது. பட்டுத் திருத்திய அறிவு விலைமதிப்பானது. ஆனால் அந்த அறிவு வரியில் இருக்கிறது என்பதுதான் பிசகு. ஒரு நிபந்தனை வரி “இப்படிச் செய்” என்று மட்டும் சொல்லும். எந்தச் சந்தர்ப்பத்துக்காக, யாருடைய கோப்பு அழிந்ததால் இது வந்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது சோதனை: பொது மூலத்தில் இது இருந்தது, ஒரு கிளை இப்படி மாற்றியது, மற்றக் கிளை அப்படி மாற்றியது, வர வேண்டிய விடை இது. அறிவை அங்கே எழுதி வைத்த பிறகு வரி அழிந்தாலும் அறிவு அழியாது. எழுதி வைக்காவிட்டால், வரி அப்படியே இருந்தாலும் எழுதியவர் வேலை மாறிப் போன நாளிலேயே அறிவு போய்விட்டது. மிஞ்சுவது பயம் மட்டும்.

நெட்ஸ்கேப் செய்யாததை நியூரன் செய்தார். அவர் வெளியிலிருந்து வந்து பழசைப் பழித்தவரும் இல்லை. வொஸ்-ட்ராக்ட்டைத் தனியாகப் பிரித்து 2011இல் சேர்த்ததே அவர்தான். பழைய நிரலைத் தெரியாதவர்கள்தான் அதை மாற்றத் துடிப்பார்கள் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் மாற்றம் சம்பந்தமான சிக்கலான சந்தர்ப்பங்களை அவர் வருடக்கணக்கில் சோதனைகளாக எழுதிச் சேர்த்தார். பழைய நிரல் தப்பாகச் செய்தவற்றையும் மறைக்கவில்லை. இது இன்றைக்குத் தோற்கும் சோதனை என்று வெளிப்படையாகக் குறித்து வைத்தார். அதற்குப் பிறகுதான் மேர்ஜ்-ஓர்ட் என்ற புதிய நிரலைப் பழையதின் பக்கத்திலேயே வளர்த்தார். ஒரு சூழல் மாறியை மாற்றினால் அதே சோதனைத் தொகுதியைப் பழையதிலும் ஓட்டலாம், புதியதிலும் ஓட்டலாம். 2021 ஓகஸ்டில் வந்த 2.33 பதிப்பில் பயனர்கள் புதியதை விரும்பிக் கேட்டுப் பாவிக்கலாம் என்ற நிலை. நவம்பரில் வந்த 2.34இல் அதுவே இயல்பான தெரிவானது. இடையில் ஒரு நாளும் கிட் நின்றுபோகவில்லை.

புதியது எந்த விதத்தில் எளிமை என்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வரியை எண்ணினால் மேர்ஜ்-ஓர்ட் பழையதைவிட நீளம். எளிமை அதன் வரிசையில் இருக்கிறது. முதல் படி, மூன்று பக்கத்துக் கோப்புகளின் விவரத்தையும் ஒரே அட்டவணையில் சேர்ப்பது. இரண்டாவது, பெயர் மாற்றங்களைக் கண்டுபிடித்து அந்த அட்டவணையிலேயே திருத்துவது. மூன்றாவது, ஒவ்வொரு கோப்புக்கும் முடிவு எடுப்பது. இவ்வளவும் நினைவகத்திலேயே நடக்கும், பயனரின் கோப்புறையில் ஒரு எழுத்தும் விழாது. எல்லாம் முடிந்த பிறகே விடையை ஒருமுறை கோப்புறைக்குக் கொண்டுபோவார்கள். முந்திய படி எழுதிவிட்டதா, இது முன்னால் இருந்த கோப்பா என்று இடையிடையே கேட்ட கேள்விகளுக்கு இப்போது இடமே இல்லை. வொஸ்-ட்ராக்ட் சொன்ன பொய்யை இந்த ஒழுங்கில் சொல்லவே வழியில்லை. நிரலை எளிமையாக்குவது என்றால் நான் கேட்பது இதைத்தான். பத்து வரியை மூன்று வரியாகச் சுருக்குவதை யாரும் செய்யலாம். பிழை பிறக்கும் இடத்தையே இல்லாமல் ஆக்குவதுதான் வேலை.

வேகமும் கூடியது. லினக்ஸ் கேர்னலின் டிரைவர்ஸ் கோப்புறைக்கு முழுசாகப் பெயர் மாற்றி, 35 திருத்தங்களை அதன்மேல் கொண்டுபோய் வைக்கும் சோதனையில் பழையது ஏறக்குறைய 100 நிமிடம் எடுத்தது. புதியது ஒரு செக்கனுக்குள் முடித்தது. நினைவகத்திலேயே இணைக்க முடிந்ததால், 2022 ஒக்டோபரில் வந்த 2.38 பதிப்பில், யாருடைய கோப்புறையையும் திறக்காமல் சேவையகத்திலேயே இணைத்துப் பார்க்கும் வசதி வந்தது. கிட்ஹப் தளமும் தன் இணைப்பு வேலையை மேர்ஜ்-ஓர்ட்டுக்கு மாற்றிக்கொண்டது. “சுத்தம் செய்கிற நேரத்தில் புது வசதி ஏதாவது செய்யலாமே” என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். அந்தப் புது வசதி பழைய நிரலின்மேல் நிற்க முடியாமல் இருந்தது.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். தோட்டச் சம்பளக் கணக்கை நிரலாக எழுதுகிறவர் யாராக இருந்தாலும் இதே கேள்வி முன்னால் நிற்கும். 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30, ஆக 730. 2019 ஜனவரியில் அடிப்படை 700, விலைப்பங்கு 50. வருகைக்கும் உற்பத்திக்குமான கொடுப்பனவுகள் எடுபட்டுப் போயின. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா. 2024இல் அடிப்படை 1,350. ஒவ்வொரு முறையும் பழைய நிபந்தனையைத் தொடாமல் மேலே இன்னொரு நிபந்தனையைப் போட்டுக்கொண்டே போனால் என்னவாகும்? வருகை நாள் எண்ணுகிற ஒரு வரி நடுவில் கிடக்கும், எந்த ஒப்பந்தத்தில் பிறந்தது என்று எழுதப்பட்டிருக்காது. அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். வரியின் பிறப்பைத் திகதியோடு எழுதி, அந்த மாதச் சம்பளத்துக்கு இந்த விடைதான் வர வேண்டும் என்று சோதனையும் வைத்திருந்தால், எந்த விதி என்று போனது, என்று திரும்பி வந்தது என்பதைப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகூட ஒரு பொழுதில் படித்துவிடும். இந்தக் கணக்கு பிழைத்தால் அடிபடுவது மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற ஒரு பெண்ணின் அரைநாள் கூலி. “ஓடுகிறது, விடு” என்று சொல்லும் உரிமை நிரல் எழுதுகிறவருக்கு இல்லை. யாருக்குச் சரியாக ஓடுகிறது என்று அவர் காட்ட வேண்டும்.

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: புதியதை எழுதுங்கள், பழையதையும் ஒரு பக்கம் இருக்க விடுங்கள், யாருக்கு நட்டம்? நட்டம் இருக்கிறது. இரண்டு இருந்தால் ஒவ்வொரு திருத்தமும் இரண்டு இடத்தில். ஒன்றில் திருத்தி மற்றதில் மறந்தால், எந்தக் கட்டளை எந்த நிரலை அழைக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். கிட் குழு மூன்றரை வருடத்துக்கு மேல் பொறுத்திருந்து, 2025 ஜூனில் வந்த 2.50 பதிப்பில் மேர்ஜ்-ரிகர்சிவ் நிரலை அடியோடு எடுத்துவிட்டது. பழைய பெயரில் அழைப்பவர்களுக்குப் புதியதே பதில் சொல்லும். அழிப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி. அழிக்கத் துணியாதவர் எளிமையாக்கியதாகச் சொல்ல முடியாது, இரட்டிப்பாக்கியிருக்கிறார்.

கடைசியாக, இந்த “தொடாதே” யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் பேசியாக வேண்டும். பெரும்பாலும் வயதில் குறைந்தவர்களுக்கு, புதிதாக வந்தவர்களுக்கு. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து கணினி படிக்க வருகிற நம் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு கனமாக விழுகிறது. துரை எழுதினதைக் கேள்வி கேட்காதே என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. ஆங்கிலத்தில் எழுதிய, எங்கேயோ உள்ள பெரிய ஆட்கள் எழுதிய நிரல் என்றதும் ஒதுங்கி நிற்கிறார்கள். புரியாவிட்டால் குறை தங்களுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது: கவனமாகப் படித்தும் ஒரு நிரல் புரியாவிட்டால் முதல் சந்தேகம் நிரலின் மேல் வரட்டும். கவனம் வேண்டும், சோதனை வேண்டும், பழசை எழுதியவரிடம் கேட்கிற பணிவும் வேண்டும். ஆனால் பணிவு வேறு, கைகட்டி நிற்பது வேறு.

பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் படிக்கிறவராகட்டும், தெரணியகலையில் வீட்டிலிருந்தே கைப்பேசி இணைப்பில் கற்றுக்கொள்கிறவராகட்டும், தொடங்க இடம் இருக்கிறது. கிட்டின் மூலநிரலை யாரும் இலவசமாக இறக்கலாம். அதில் டி6423 என்று தொடங்கும் சோதனைக் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் மேலே நாலு வரிக் குறிப்பு இருக்கும். பொது மூலத்தில் ஒரு கோப்புறை, ஒரு கிளை அந்தக் கோப்புறைக்குப் பெயர் மாற்றியது, மற்றக் கிளை பழைய பெயரிலேயே புதிய கோப்பைச் சேர்த்தது, புதிய கோப்பும் புதிய பெயருள்ள கோப்புறைக்குள் வர வேண்டும். இதைப் படிக்கச் சி மொழி தெரிய வேண்டியதில்லை. நாலைந்து சந்தர்ப்பத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு, உங்கள் பிரதியில் மேர்ஜ்-ஓர்ட்டின் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டுச் சோதனைகளை ஓட்டுங்கள். எந்தச் சோதனை தோற்கிறதோ அந்த வரி அதற்காகத்தான் இருக்கிறது. ஒன்றும் தோற்காவிட்டால், அந்த வரி தேவையில்லாததாக இருக்கலாம், அல்லது எழுதப்படாத ஒரு சோதனை பாக்கி இருக்கலாம். எது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புங்கள்.